உலக முடிவுக்குக் கீழே நம்ம லயம் இருக்கிறது

போன டிசம்பர் லீவில் நம்ம குழுவில் ஒன்பது பேர் வேன் பிடித்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பலாங்கொடையில் ஏறி, பெலிஹுல்ஓயா, பெரகலை, அப்புத்தளை, ஒஹிய வழியாகப் பயணம். ஆளுக்கு விழுந்த பங்கு, அம்மா நாலு நாள் முழுப் பேர் போட்டால் வருகிற காசு. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்க.

இந்த ஆசை எங்கே இருந்து வந்தது என்பதை மறைக்க மாட்டோம். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் குளிர்கால விடுமுறையில் லாஸ் வேகாஸில் கார் எடுத்து, டெத் வேலி, சயன், கிராண்ட் கேன்யன் என்று பாலைவன ஊர்களையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றுகிற வீடியோக்களை விடிய விடியப் பார்த்தவர்கள் நாங்கள். அதிலே அடிக்கடி வருகிற பேச்சு, மனுஷ வாடையே இல்லாத பூமி என்பது.

அது பொய். கிராண்ட் கேன்யனின் பள்ளத்துக்குள்ளே ஹவசுபாய் மக்கள் பல நூறு வருஷமாக இருக்கிறார்கள். 1882இல் அவர்களை 518 ஏக்கருக்குள் அடைத்தார்கள். 1919இல் அது தேசியப் பூங்கா ஆனது. பூங்காவுக்குள் இருந்த அவர்களுடைய தோட்டத்தில் மிச்சமிருந்தவர்களையும் 1928இல் வெளியே அனுப்பினார்கள். விடாமல் போராடி 1975இல்தான் சுமார் 185,000 ஏக்கரைத் திரும்ப வாங்கினார்கள். இன்றைக்கும் அவர்களுடைய சுபாய் கிராமத்துக்குக் கார் போக வழியில்லை. தபால் கோவேறு கழுதையில்தான் போகிறது. மேலே விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, அமெரிக்காவை விடுங்க. நம்ம விளிம்புக்கு வருவோம்.

ஹோர்ட்டன் என்பது ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் பேர். அங்கே இருக்கிற பேக்கர் அருவிக்கு யானை வேட்டைக்காரன் ஒருவனின் பேர். செங்குத்துப் பாறை விளிம்புக்கு வைத்த பேர் உலக முடிவு. மூடுபனி ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். நல்ல வெயில். கீழே பச்சைப் பச்சையாக மலைகள், நடுவிலே பொடிப் பொடியாகத் தகரக் கூரைகள். பக்கத்தில் நின்ற ஒருத்தர், நல்ல தமிழிலேயே, தன் பிள்ளைகளிடம் சொன்னார்: "அங்க ஒண்ணும் இல்ல, வெறும் டீ எஸ்டேட்தான்."

நம்மோடு வந்த தங்கச்சி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அங்கதான் எங்க சித்தி இருக்காங்க."

அது நன்பேரியல் தோட்டத்துப் பக்கம். இரத்தினபுரி மாவட்டம், நம்ம சப்ரகமுவ. உலகம் முடிகிறது என்று யாரோ பேர் வைத்த இடத்தில்தான் நம்ம சனத்தின் உலகம் தொடங்குகிறது. பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், கோயில், பள்ளிக்கூடம், எல்லாமே அந்த "ஒண்ணும் இல்ல"வுக்குள் அடங்கிவிட்டன.

அந்த ஆளை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. திரும்பி வருகிற வழியில் அப்புத்தளைப் பக்கம் வேனை நிறுத்தி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தோம். அவங்க சிரித்துவிட்டுக் கேட்டாங்க: "எந்தத் தோட்டத்துப் புள்ளைங்க நீங்க?" வேனுக்குள் ஏறின பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. படத்தை அழித்துவிட்டோம்.

சுற்றுலா வந்தால் வேலை வரும், ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும். யாருக்கு என்ன வேலை? பல இடங்களில் துரை பங்களா உல்லாச விடுதியாக மாறியிருக்கிறது. அதன் வாசலைக் கூட்டுகிற வேலை நமக்கு, வாடகை வேறு யாருக்கோ. 1972, 1975 காணிச் சட்டங்களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கை மாறின ஒவ்வொரு தடவையும் லயத்துச் சனம் லயத்திலேயே இருந்தது. 7 பேர்ச் காணியும் ஓர் உறுதியும் கேட்டு இன்னும் காத்திருக்கிறது. நம்மைப் பார்ப்பதற்கு டிக்கெட் போடலாம், நமக்கு உறுதி எழுத மட்டும் நேரமில்லை என்றால் அதைச் சுற்றுலா வளர்ச்சி என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

அழகை ரசிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகள் இன்னும் நிறையப் பயணம் போக வேண்டும். பால் வெட்டுகிற அப்பாவும் ஒரு தடவை அந்த விளிம்பில் நின்று தன் மலையை மேலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் பயணம் எழுதுகிறவர்கள், அது அரிசோனாவாக இருந்தாலும் அப்புத்தளையாக இருந்தாலும், அங்கே யார் இருக்கிறார்கள், அந்த மண் யார் பேரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தோட்டங்களில் சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் லயத்துச் சனத்துக்குக் காணி உறுதியைக் கொடுங்கள். அதற்குப் பிறகு விடுதியைப் பற்றிப் பேசுவோம்.

அடுத்த டிசம்பருக்கும் வேன் பேசியாகிவிட்டது. இந்தத் தடவை மேலே இல்லை, கீழே போகிறோம். சித்தி வீட்டில் சாப்பாடு. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் உலக முடிவு எப்படித் தெரிகிறது என்று வந்து எழுதுகிறோம்.