ஈயின் கண்ணைப் படமெடுக்க இ.எம்.ஐ எதற்கு? குறைந்த செலவில் மேக்ரோ போட்டோகிராபி!

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் புழுவைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். சும்மா பார்த்தால் அழுக்குத் துணுக்கு. கிட்டப்போய்ப் படமெடுத்தால் முள்ளும் வரியுமாகத் தனி உலகம்! இதுதான் மேக்ரோ போட்டோகிராபி. காட்டுக்கெல்லாம் போக வேண்டாம், மொட்டைமாடித் தொட்டிச் செடிகளே போதும்.

ஆசை வந்ததும் பலரும் முதலில் தேடுவது புது மேக்ரோ லென்ஸின் விலையைத்தான். பல பத்தாயிரங்களைப் பார்த்து மிரண்டு, சிலர் ஆசையையே மூட்டை கட்டிவிடுகிறார்கள். சிலர் தவணையில் வாங்கி, நாலு பூவைப் படமெடுத்துவிட்டு பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம்.

மொபைல் மட்டும்தான் இருக்கிறதா?

விலை குறைந்த மொபைல்களில் தனியாக வரும் 2 மெகாபிக்ஸல் மேக்ரோ கேமராவை நம்ப வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் க்ளிப் லென்ஸை மெயின் கேமராவின் மேல் மாட்டினால் படம் இன்னும் தெளிவாக வரும். மொபைல் கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். பெரும்பாலான க்ளிப் லென்ஸ்களுக்குப் பூச்சியிலிருந்து சில சென்டிமீட்டர் தூரம்தான் கணக்கு. ஃபோகஸுக்காக ஸ்க்ரீனைத் தட்டிக்கொண்டிருக்காமல், மொபைலை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தெளிவு வரும் நொடியில் வரிசையாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு...

வீட்டில் எந்த லென்ஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்து, வாங்க வேண்டிய பொருள் மாறும்.

* 18-55 கிட் லென்ஸ்: சில நூறு ரூபாய் ரிவர்ஸ் ரிங் போதும். லென்ஸைத் தலைகீழாக மாட்டுவதுதான் இதன் வித்தை. உருப்பெருக்கம் பிரமாதமாக இருக்கும். ஆனால், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. அப்பெர்ச்சரையும் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. பூச்சியை ஒட்டினாற்போல் போக வேண்டியிருக்கும்.

* 50 மி.மீ. லென்ஸ்: எக்ஸ்டென்ஷன் டியூப் நல்ல தேர்வு. உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் இது. 50 மி.மீ. லென்ஸோடு 50 மி.மீ. நீள டியூப் சேர்ந்தால் கிட்டத்தட்ட 1:1 கிடைக்கும். எலெக்ட்ரானிக் கான்டாக்ட் இருக்கும் டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

* 55-250 அல்லது 70-300 ஜூம்: முன்னால் மாட்டும் க்ளோஸப் லென்ஸ் வாங்கலாம். மலிவான ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர்களில் ஓரங்களில் நிறம் பிசிறும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்றவற்றில் அந்தத் தொல்லை குறைவு. பூச்சியிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி நின்றே எடுக்கலாம் என்பதால், அது மிரண்டு ஓடாது.

'மேக்ரோ' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. பொருளின் உண்மையான அளவே சென்சாரில் விழுந்தால்தான் அது 1:1. ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. அதில் 1:1-ல் எடுத்தால், ஒரு ரூபாய் நாணயம் படத்தின் அகலத்தைக் கிட்டத்தட்ட நிறைத்துவிடும். பல ஜூம் லென்ஸ்களில் 'மேக்ரோ' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், எடுப்பதென்னவோ பாதி அளவோ, கால் அளவோதான். பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

மிச்சமான பணம் வெளிச்சத்துக்கு!

1:1-ல் எஃப் 8 வைத்தாலும், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தெளிவாக விழாது. ஈயின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கிவிடும். சென்சாருக்கு வரும் வெளிச்சமும் கால்வாசியாகக் குறையும். அதனால், ஒரு சாதாரண மேனுவல் ஃப்ளாஷ் லென்ஸைவிட அதிகமாகவே கைகொடுக்கும். அதன் முன்னால் ஒரு பட்டர் பேப்பரை வளைத்து ஒட்டினால் டிஃப்யூஸர் ரெடி. பூச்சியின் முதுகில் வெள்ளைத் திட்டு விழாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒருபக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் வாங்கிய லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது நல்லது.

பூச்சிக்கும் உயிர் உண்டு

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சிகளை ஃப்ரிட்ஜில் வைப்பதும், பசையால் ஒட்டுவதும் கொடுமை. அதற்குப் பதிலாக, விடியற்காலையில் போங்கள். உடம்பு சூடேறும்வரை தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பனித்துளி போனஸ்! முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியிடம் மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அதன் முடி பட்டால் அரிப்பு நிச்சயம்.

ஆறு மாதம் இப்படி எடுத்துப் பாருங்கள். பூச்சிதான் பிடிக்குமா, பூவா, நகையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் விடியற்காலையில் அலாரம் இல்லாமல் எழுந்து செடியிடம் ஓடுகிறீர்கள் என்றால், அப்போது வாங்குங்கள் அந்தப் பெரிய லென்ஸை. அது பீரோவில் தூங்காது!