ஆளற்ற சட்டகம்

அமெரிக்காவின் 66ஆம் நெடுஞ்சாலையில் கடந்தகாலத்தைத் தேடிச் செல்லும் ஒளிப்படக் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள்: நீலவானம், மங்கிய பெயர்ப்பலகை, ஆளே இல்லாத விடுதி முற்றம். இந்த இலக்கணத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் மார்கோலீஸ். அவருடைய பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றின் ஆவண மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் மனிதரை விலக்கிய சட்டகம், அந்த விடுதிகளில் யாருக்கு அறை மறுக்கப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது. கறுப்பினப் பயணிகள் இரவு தங்க இடம் தேடி, 1936இல் வெளிவரத் தொடங்கிய 'கிரீன் புக்' கையேட்டைச் சுமந்து திரிந்த காலமும் இந்தப் 'பொற்காலம்'தான்.

அரிசோனாவின் ஹோல்புரூக்கில் 1950இல் எழுந்த விக்வாம் விடுதியின் கான்கிரீட் கூம்புகளைப் பாருங்கள். அருகில் வாழும் நவாஹோ மக்களின் மரபு வீடு கூம்புக் கூடாரமே அன்று. அது சமவெளிப் பழங்குடியினருடையது. (விக்வாம் என்ற பெயரோ வடகிழக்கு மக்களின் குடிலுக்குரியது!) பொய்யான உருவம் பழையதாகிவிட்டால் மரபாகிவிடுமா?

ஓக்லஹோமாவின் லூதர் அருகே, கறுப்பினக் குடும்பமொன்று கட்டி நடத்திய பெட்ரோல் நிலையம் இன்றும் நிற்கிறது. எளிய மணற்கல் கட்டடம். 1995இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அதே மாநிலத்தில், கட்டூசாவின் நீலத் திமிங்கிலச் சிற்பத்தைத் தேடிப்போகும் கேமரா இதன் முன் நிற்காவிடில், அது ஏங்குவது யாருடைய கடந்தகாலத்துக்காக?