ஒரு பொருத்தம் போதுமாம்!

“பிசிடி சேம், மாமா. நாலு நூறு. அப்படியே உட்காந்துடுச்சு.”

அக்கா மகன் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் அவனுடைய ஸ்விஃப்ட் நின்றது. படுத்திருந்தது என்பதே சரி. முன்னும் பின்னும் 40 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தான். புதுப்பேட்டையில் ஒரு செட் பழைய ஹோண்டா சிட்டி அலாய் வீல், பதினாறு இன்ச், பேரம் பேசி வாங்கி மாட்டியிருந்தான். அதன்மேல் 205/55 டயர். வீல் உள்ளே ஒடுங்கித் தெரியக்கூடாதாம், அதற்காக ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர் வேறு. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் ரப்பர் தீயும் வாசனை வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். பின் டயரைக் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு கோடு, கத்தியால் கீறியது போல. ஃபெண்டரின் மடிப்பு வேலை அது. எண்பதைத் தாண்டினால் ஸ்டீரிங் வேறு உதறுகிறதாம்.

“ரோடு சரியில்லை, மாமா.”

ரோடு சரியில்லைதான். பிறகு அதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு இது வேதவாக்கு: போல்ட் ஓட்டை ஒத்துப்போனால் வீல் செட் ஆகும். விற்கிறவர் சொல்கிறார், மாட்டுகிறவர் சொல்கிறார், மாட்டிக்கொண்டவன் ஊரெல்லாம் சொல்கிறான். பிசிடி என்பது என்ன? வீலை ஹப்பில் இறுக்கும் போல்ட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். நான்கு போல்ட், நூறு மில்லிமீட்டர் விட்டம். அவ்வளவுதான். அது வீலின் அகலத்தைச் சொல்லாது. வீல் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே வரும் என்கிற ஆஃப்செட்டைச் சொல்லாது. நடு ஓட்டையைப் பற்றி வாயே திறக்காது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது. தினப்பொருத்தம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு “முடிச்சிடலாம்” என்று ஒரு ஜோசியர் சொன்னால் தட்சிணை கொடுப்பீர்களா? வீல் கடையில் மட்டும் கொடுக்கிறீர்கள்.

அந்தச் சிட்டி வீலையே எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்டும் 4x100, சிட்டியும் 4x100. பொருத்தம் அமோகம். ஸ்விஃப்ட் ஹப்பின் நடு மேடு 54.1 மில்லிமீட்டர். சிட்டி வீலின் நடு ஓட்டை, அதாவது சென்டர் போர், 56.1. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் காற்று. கம்பெனி வீலை மையத்தில் பிடித்து நிறுத்துவது அந்த மேடுதான். எடையைத் தாங்குவது நட்டின் இறுக்கம், மையத்தைக் காப்பது ஹப். அந்த வேலையை இங்கே யாரும் செய்யவில்லை. சரி, நட்டாவது மையத்துக்குக் கொண்டுவருமா? சிட்டியின் கம்பெனி வீலில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம். ஸ்விஃப்ட் நட்டின் முனை கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் முழுப் பரப்பிலும் படியாது, மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொடும். அது தேயும், இறுக்கம் தளரும். அப்படியானால் சிட்டி நட்டையே போட்டுவிடலாமே என்பான் ஒரு புத்திசாலி. சிட்டி நட்டின் மரை இடைவெளி 1.5, ஸ்விஃப்டின் போல்ட்டில் 1.25. இரண்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன் என்பதால் முதல் சுற்று ஏறும். பிறகு முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் நம் கடைப் பையன் கையில் ஏர் கன் இருக்கும். மரைக்கும் ஏர் கன்னுக்கும் சண்டை வந்தால் மரை ஜெயித்ததாக வரலாறு இல்லை.

பிசிடி சேம். ரஜ்ஜு தட்டுகிறது, யோனி தட்டுகிறது, வசியம் கிடையவே கிடையாது. ஆனால் பிசிடி சேம்!

ஸ்பேசரையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் தகடு இடையில் வந்ததும் நட்டு பிடிக்கும் மரையில் ஐந்து மில்லிமீட்டர் போனது. 1.25 இடைவெளிக் கணக்கில் நான்கு சுற்று. வீலை நான்கு சுற்றுக் குறைவாகப் பிடித்துக்கொண்டு, ஹப் மேட்டிலும் ஐந்து மில்லிமீட்டரைத் தகட்டுக்குள் புதைத்துவிட்டு, அதில் பெற்ற தாயை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகிறான் என் மருமகப்பிள்ளை.

ஸ்டீரிங் உதறலுக்கு அவன் செய்த வைத்தியம் பேலன்சிங். ஒன்றுக்கு இரண்டு கடையில் பார்த்துவிட்டான். மெஷின் பூஜ்யம் காட்டுகிறதாம், வண்டி மட்டும் நடுங்குகிறதாம். நடுங்கும்தான். பேலன்சிங் மெஷின் வீலைப் பிடிப்பது நடு ஓட்டையில் கூம்பைச் செருகி. அங்கே வீல் கச்சிதமாக மையத்தில் சுற்றும். காரில் அது மையம் தவறி, ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் சுற்றிய வட்டம் வேறு, ரோட்டில் சுற்றும் வட்டம் வேறு. 56.1-லிருந்து 54.1-க்கு ஒரு ஹப் ரிங் போட்டிருந்தால் இந்தப் பகுதியாவது தீர்ந்திருக்கும். ஒரு பிரியாணிச் செலவுதான். கேட்டால், “அது எதுக்கு சார், பிசிடி சேம்தானே.”

புதிதாக வாங்குகிறவர்கள் பிழைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைகளில் எட்டு ஓட்டை வீல் தொங்குகிறது. நான்கு ஓட்டை 100-க்கு, நான்கு ஓட்டை 114.3-க்கு. எந்த வண்டியும் ஏமாற்றத்தோடு திரும்பிப் போகக்கூடாது என்று நடு ஓட்டையை 73.1 வரை அகலமாக விட்டிருப்பார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற மாப்பிள்ளை. ரிங் இல்லாமல் அதை ஸ்விஃப்டில் மாட்டினால் ஒன்பதரை மில்லிமீட்டர் காற்று ஒவ்வொரு பக்கமும். வீலின் முதுகில் ஜேடபிள்யூஎல் என்று ஜப்பான் முத்திரை இருக்கிறதே என்பார்கள். எழுத்தையும் அச்சில்தானே வார்க்கிறார்கள்? வீலை வார்க்கத் தெரிந்தவனுக்கு மூன்று எழுத்து வார்ப்பது பெரிய வித்தையா?

இனி தாழ்த்திய கதை. எனக்குத் தாழ்ந்த வண்டி பிடிக்கும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போகிறவர் மாதிரி கம்பெனி அனுப்புகிறதே, அதைவிட நாலு விரல் இறங்கிய ஸ்விஃப்ட் அழகுதான். ஆனால் அந்த அசிங்கமான இடைவெளிதான் உங்கள் கணக்குத் தப்பையெல்லாம் இதுவரை மூடி மறைத்தது. அதை எடுத்துவிட்டால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பதில் சொல்ல வேண்டும். ஐந்தரை இன்ச் அகலம், ஆஃப்செட் 45 உள்ள வீலைக் கழற்றி, ஏழரை இன்ச், ஆஃப்செட் 35 மாட்டினால் வெளி விளிம்பு 35 மில்லிமீட்டர் வெளியே வரும், உள் விளிம்பு 15 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே ஃபெண்டர் காத்திருக்கிறது, உள்ளே ஷாக் அப்சார்பர் காத்திருக்கிறது. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு இது. இன்ச்சை மில்லிமீட்டராக்கி, பாதியாக்கி, ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்கம், கூட்டினால் உள்பக்கம். ஐஐடி நுழைவுத் தேர்வுக்குப் படித்த பையன்கள் கடையில் நின்று “ப்ரோ, இது செட் ஆகுமா?” என்று கேட்கிறார்கள். ப்ரோவும் பிசிடியைப் பார்த்துவிட்டு ஆகும் என்கிறார்.

ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம். வண்டி அமுங்கும்போது வீலின் தலை உள்ளே சாயாது, கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். ஃபெண்டர் விளிம்புக்கு நேர் கீழே டயர் இருந்தால், மூன்று பேர் ஏறியதும் அது விளிம்பில்தான் போய் முட்டும். காலி வண்டியில், பார்க்கிங்கில், படம் எடுக்கும்போது முட்டாது. முன்பக்கம் வேறு விதம்: நேராகப் போகும்போது சாதுவாக இருக்கும், யூ டர்னில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் உள் லைனரைத் தின்னும். இதை ரோட்டில் இறங்குவதற்கு முன்பே பார்க்க முடியும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் வீலை மேலே தூக்கி, ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கே இடிக்கிறது என்று பார்த்தால் போதும். அரை நாள் வேலை. ஸ்ப்ரிங்கை கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று வெட்டி இறக்குகிறவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது என் தப்பு. வெட்டிய ஸ்ப்ரிங் இருக்கையில் சரியாகப் படியாது, வீல் தொங்கும்போது லொடலொடவென்று ஆடும் என்று சொன்னால், “லோட் ஏறினா உட்காந்துடும் சார்” என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

டயர் வேறு. ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். மருமகன் போட்ட 205/55 ஆர்16 சுமார் 632. அதாவது, வண்டியை இறக்கினான், டயரை உயர்த்தினான். இடைவெளியை மேலிருந்தும் சாப்பிட்டு, கீழிருந்தும் சாப்பிட்டு, பக்கவாட்டில் ஸ்பேசர் வைத்தும் சாப்பிட்டுவிட்டு, ரோடு சரியில்லை என்கிறான். அதே பதினாறில் 195/55 போட்டிருந்தால் 621. பதினைந்திலேயே நின்று 195/60 போட்டிருந்தால் 615, சுவரும் உயரமாக இருந்து பள்ளத்துக்கு ஈடுகொடுத்திருக்கும். பதினைந்தா, சின்னப்பிள்ளை வீலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை ஓடியது பதின்மூன்று இன்ச் வீலில். ஹாமில்டனுக்குப் போதுமானது ஓஎம்ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவருக்குப் போதவில்லை.

ரோட்டுக்கு வருகிறேன். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி போட்டு வைத்திருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. எங்கள் தெருவில் இருப்பது குழந்தைச் சமாதி அளவுக்கு ஒரு மேடு. வார்டு ஆள் யாரோ மீந்த தாரைக் கொட்டிவிட்டுப் போனது. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. 163 மில்லிமீட்டர் கிளியரன்ஸோடு கம்பெனி கொடுத்த வண்டியே அதில் வயிறு உரசுகிறது. 40 குறைத்த வண்டி என்ன செய்யும்? இந்த ரோட்டில்தான் ஓட்டப்போகிறோம் என்று தெரிந்துதானே அளக்க வேண்டும்? ரோட்டைத் திட்டுகிறவனுக்கு ரோட்டைத் தெரியும் என்றுதானே பொருள்?

ஜப்பான்காரன் செய்கிறானே என்பது இவர்களுடைய பிரம்மாஸ்திரம். செய்கிறான். அங்கே ‘ஷாக்கென்’ என்று அரசாங்கப் பரிசோதனை உண்டு. தரைக்கும் வண்டிக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். டயர் ஃபெண்டரைத் தாண்டி 10 மில்லிமீட்டருக்குள் பிதுங்கலாம் என்று 2017-ல் சலுகை கொடுத்தபோதும் அது டயருக்கு மட்டும், வீல் விளிம்புக்கு இல்லை. ஸ்கேல் வைத்துத்தான் அழகு பார்க்கிறான் அவன். இங்கே இறக்குமதியானது அழகு மட்டும், ஸ்கேல் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. நம் சட்டமும் சும்மா இல்லை. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தினார்கள், சிறையும் உண்டு. போலீஸ்காரர் விட்டாலும், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் அந்த ஸ்பேசரைக் கையில் எடுத்துப் பார்ப்பார். அவரிடம் சொல்லிப் பாருங்கள், பிசிடி சேம் என்று.

இதே கூட்டம்தான் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகுகிறது. ஏன்? ஹோல்டர் சேம்! பல்பு உள்ளே போய்விட்டது, எரிகிறது, முடிந்தது கதை. ஒளி எங்கே குவியும் என்று அந்தக் கண்ணாடியை ஹாலஜன் இழைக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவன் முட்டாள். ராத்திரி எதிரில் வருகிற நாம் குருடராகத் திண்டிவனம் போய்ச் சேர வேண்டும். செருக முடிந்தால் பொருத்தம், திருக முடிந்தால் பொருத்தம், ஏர் கன் இருந்தால் சகலமும் பொருத்தம்.

அந்தச் சிட்டி வீலில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வீல். சிட்டியில் மாட்டினால் லட்சம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடும்.

அடுத்த முறை ஒருவர் பிசிடி சேம் என்று சொன்னால், வீலின் அகலம், ஆஃப்செட், சென்டர் போர், நட்டு உட்காரும் குழியின் வடிவம் நான்கையும் கேளுங்கள். உங்கள் வண்டியின் அளவுகளை வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், டயரின் மொத்த விட்டத்தோடு. பதில் “செட் ஆயிடும் சார்” என்று வந்தால் பர்ஸை எடுக்காதீர்கள். மாட்டிய பிறகு பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச்சால் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.