திரைக்கும் அளவெடுப்போம்

அளவெடுக்காமல் சட்டைக்குத் துணி வெட்டும் சகோதரி எவரும் இல்லை. ஆனால் பிள்ளைகள் தினமும் பார்த்துப் படிக்கும் கணனித் திரைக்கு நம்மில் எத்தனை பேர் அளவெடுத்திருக்கிறோம்? லினக்ஸ் பாவிக்கும் வீடுகளில் எழுத்துக்கள் எறும்பு போல் சிறுத்தோ, தேவைக்கு மீறிப் பருத்தோ தெரிவதற்கு இந்த அளவு பிழைத்திருப்பதும் ஒரு காரணமாகும். பிள்ளை திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு படித்தால், வைத்தியரிடம் கண்ணைக் காட்டுவதோடு இதையும் கவனியுங்கள்.

ஒவ்வொரு திரையினுள்ளும் அதன் விபரங்கள் பதிந்த சிறு குறிப்பொன்று உண்டு. ஈ.டி.ஐ.டி. எனப்படும் இம்முறை 1994இல் வெளிவந்தது. வயரைச் செருகியதும் திரை தன் நீள அகலத்தைக் கணனிக்கு அறிவிக்கும். க்னோம் போன்ற முகப்புகள் அதை நம்பியே எழுத்தை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்று தீர்மானிக்கின்றன.

அந்தக் குறிப்பே பிழையானால்? சில திரைகள் 16க்கு 9 என்ற விகிதத்தையே 160 மில்லிமீற்றர், 90 மில்லிமீற்றர் என்று அளவைப் போலச் சொல்லிவிடுகின்றன. சுவரில் படம் காட்டும் புரொஜெக்டருக்கோ நிலையான அளவே இல்லை.

சரிபார்ப்பது கடினமல்ல. டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் ஆகிய ஆறு சிறிய ஆங்கில எழுத்துக்களையும் இடைவெளியின்றி அடித்து, என்டரை அழுத்துங்கள். திரையின் பெயருள்ள வரியின் கடைசியில் இரண்டு மில்லிமீற்றர் அளவுகள் இருக்கும்.

இனி உங்கள் தையல் நாடாவை எடுங்கள். ஒளிரும் பகுதியை மாத்திரம் இடமிருந்து வலமாக அளவுங்கள். சட்டத்தைச் சேர்க்க வேண்டாம். பெட்டியில் எழுதியுள்ள அங்குலம் மூலைக்கு மூலை எடுத்த அளவு என்பதால் அதை இங்கே பாவிக்கக் கூடாது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் நாடாவையே நம்புங்கள்.

குறுக்கே உள்ள புள்ளிகளை 25.4 ஆல் பெருக்கி, நீங்கள் எடுத்த மில்லிமீற்றர் அளவால் வகுங்கள். 344 மில்லிமீற்றர் மடிக்கணனியில் 1920 புள்ளிகள் இருந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 142 வரும். வழமையான 96 ஆல் அதை வகுத்தால் ஒன்றரை. ஆகவே 150 வீதம் பொருந்தும். அதே 1920 புள்ளிகள் 531 மில்லிமீற்றர் திரையில் 92தான் வரும். அதற்கு 100 வீதமே போதும். தூரத்தில் இருந்து பார்க்கும் தொலைக்காட்சிக்குச் சற்றுக் கூட்டலாம். அமைப்புகளில் திரைக்குரிய பகுதியில் இதை நீங்களே மாற்றலாம். வேண்டிய வீதம் அங்கே இல்லையென்றால், எழுத்தை மாத்திரம் பெரிதாக்கும் வசதியைப் பாவியுங்கள்.

தையல் மாதிரிகளைத் திரையில் பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 100 வீதத்தில் தெரியும் படம் அசல் அளவு என்று எண்ணிவிடாதீர்கள். திரை சொன்ன அளவு பிழையென்றால் படமும் பிழைக்கும். வங்கி அட்டையின் நீளம் 85.6 மில்லிமீற்றர். அந்த நீளத்துக்கு வரைந்த கோட்டின் மேல் அட்டையை வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்திய பின்பே கத்தரிக்கோலை எடுங்கள்.