முதலில் நம்மை ஆள்வோம்

நாட்டை ஆள விரும்புபவர் முதலில் தம்மை ஆளக் கற்க வேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதை எங்கே, எப்படிக் கற்பது?

நம் நாகை மாவட்டத்து வேதாரண்யத்தை அறியாதார் இல்லை. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் நடந்து வந்த இராஜாஜி, ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளிச் சிறை சென்றார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குறிப்புகளை ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழில் தந்தவரும் அவரே.

கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ், ஸ்டோயிக் தத்துவத்தைப் பின்பற்றியவர். வெளியே நடப்பவை நம் கையில் இல்லை, நம் எண்ணமும் செயலுமே நம் கையில் உள்ளன என்பது அத்தத்துவத்தின் சாரம். ஒரு காலத்தில் அடிமையாயிருந்த எபிக்டெட்டஸின் போதனைகளை இப்பேரரசர் பணிவோடு கற்றார். போர்ப் பாசறையிலும் தமக்குத் தாமே அறிவுரை எழுதிக்கொண்டார். இரவில் நாம் செய்யும் ஆத்தும சோதனை போன்றதே அது.

ஆனால் அவருடைய ஆட்சியில்தான் 177-ஆம் ஆண்டு லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் வதைத்துக் கொல்லப்பட்டனர். ஆகவே, “நான் கோபத்தை அடக்கினேனா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “என் அதிகாரத்தால் யார் துன்பப்பட்டார்?” என்றும் கேட்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

இதை என் அனுபவத்திலேயே உணர்ந்தேன். நான் வகுப்புத் தலைவியாக இருந்தபோது, பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் இருவர் பேசினர். ஒருத்தி என் உயிர்த்தோழி. அவள் பெயரை விட்டுவிட்டு, மற்றவள் பெயரை மட்டும் எழுதினேன். அவள் ஒரு பாடவேளை முழுவதும் வெளியே நின்றாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது கால்கள் நடுங்கின. என் தோழியோ பல நாள் என்னோடு பேசவில்லை.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் ஊராட்சித் தலைவராகலாம், அதிகாரியாகலாம், ஆசிரியையாகலாம். இன்று சாக்பீசைப் பிடிக்கும் கைதான் நாளை கையெழுத்திடும் கை. உறங்குமுன் ஐந்து நிமிடம் நம்மை நாமே விசாரிப்போம். தவறு தெரிந்தால், விடிந்ததும் உரியவரிடம் சென்று திருத்திக்கொள்வோம். பொதுவாழ்வுக்கு நம் பயிற்சி அங்கிருந்தே தொடங்கட்டும்!