கட்டுச்சோறு சுமக்கும் மென்பொருள்கள்

காரைக்கால் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரை ஆண்டுதோறும் காண்கிறோம். சிலர் வழியில் கிடைப்பதை உண்பர். சிலர் கட்டுச்சோறு கொண்டு செல்வர். மென்பொருள்களிலும் இவ்விரு வகை உண்டு என்றால் வியப்பன்றோ!

நம் நாட்டவரான கோவிட் கோயல் 2006ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் 'காலிபர்' எனப் பெயரிட்ட மின்னூல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. ஆயினும் நம் கணிப்பொறியில் பைத்தான் உண்டா என்று அது கேட்பதில்லை. தனக்கு வேண்டிய பைத்தானையும் நிரல் நூலகங்களையும் தன்னுடனேயே கொண்டு வருகிறது. பழைய பைத்தான் 2க்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. காலிபர் அவ்வாண்டு செப்டம்பரில்தான் பைத்தான் 3க்கு மாறியது. ஆயினும் அதன் மூட்டையைப் பெற்றவர்கள் பைத்தானைத் தேடி அலையவில்லை.

இது வீண் சுமை என்பர் சிலர். ஒரே பொருள் பல மூட்டைகளில் இருந்தால் இடம் வீணாவது மெய்யே. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 2023 செப்டம்பரில், படங்களைத் திறக்கும் 'லிப்வெப்பி' நூலகத்தில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. பொதுப் பிரதியை ஒருமுறை திருத்தினால் போதும்; தனி மூட்டைகளையோ ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திருத்த வேண்டியதாயிற்று. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?

எனினும், இணைய வசதி குறைந்த இடத்தில் கற்கத் தொடங்கும் மாணவிக்குக் கட்டுச்சோறே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் கட்டியவர், கெட்டதை உடனே மாற்றித் தரும் பொறுப்பையும் ஏற்கவேண்டும். தோழியரே, புதிய பதிப்பு வந்ததும் பழையதை அகற்றுவது நம் கடமையாகும்.