முன்பல் தானாக முளைக்கும் என்று காத்திருக்கலாமா?

குழந்தைக்கு ஏழு வயதில் மேல் முன்பல் இரண்டும் விழுந்தன. கூரை மேல் வீசியாயிற்று. ஒரு பல் முளைத்து விட்டது. இன்னொன்று ஒன்பது வயதாகியும் வரவில்லை. வீட்டில் கேட்டால் ஒரே பதில்: "வர்ற நேரத்துல வரும்!"

இந்த ஒரு வாக்கியம்தான் பிரச்சனையே.

ஒரு முன்பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஜோடிப் பல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல். நடுப்பல் வராமல் அதற்குப் பக்கத்துப் பல் முந்திக்கொண்டு முளைத்தாலும் அப்படியே.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? பெரும்பாலும் வழியை அடைத்துக்கொண்டு ஓர் உபரிப் பல் உட்கார்ந்திருக்கும். அல்லது சின்ன வயதில் கீழே விழுந்து பால் பல்லில் பட்ட அடி, உள்ளே வளரும் பல்லைத் திருப்பி விட்டிருக்கும். இதெல்லாம் காத்திருந்தால் சரியாகுமா?

காத்திருந்தால் நடப்பது வேறு. பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து வயது வாக்கில் வேர் வளர்ந்து முடிந்துவிடும். தானாக இறங்கும் வேகமும் குறையும்.

சீக்கிரம் போனால் வேலை சுலபம். தடையை எடுத்து இடம் விட்டாலே பல பற்கள் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஈறைத் திறந்து, பல்லில் சின்ன பிராக்கெட்டை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கம்பியோடு இணைத்து, மாதக்கணக்கில் மெதுவாக இழுப்பார்கள்.

"கம்பியெல்லாம் பன்னிரண்டு வயதுக்கு மேல்தானே?" என்பார்கள். வரிசை கோணலுக்கு அது சரியாக இருக்கலாம். புதைந்த பல்லுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது!

"பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்தால் போச்சு" என்பது இன்னும் மோசமான யோசனை. தாடை வளர்ச்சி முடியும் வரை இம்ப்ளான்ட் வைக்க முடியாது. வளரும் வயதில் வைத்தால் தாடை வளரும், அது நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவரை பத்து வருடம் அந்தக் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டுமா?

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாதுதான். வேர் மிகவும் வளைந்திருந்தாலோ, எலும்போடு ஒட்டியிருந்தாலோ தோற்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதித்த மருத்துவர். பக்கத்து வீட்டுப் பாட்டி அல்ல!

செலவுக்குப் பயந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பள்ளியில் பல் முகாம் நடத்துபவர்களும் சொத்தையை மட்டும் தேடாமல், முளைக்காத பல்லையும் எண்ணட்டும். ஆறு மாதம் தாண்டினால் ஓர் எக்ஸ்ரே. அவ்வளவுதான் கேட்பது.